கோழிக் கொட்டகையில் ஒரு ஸ்டூடியோ

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோது, தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னேன். வேண்டாம்ப்பா, ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் அதைத்தான் எழுதுகிறார்கள், நீ கேமரா பற்றி எழுது என்று சொல்லிவிட்டார்கள். நியாயந்தான். கல்லூரி நாட்களில் என்னைத் தெரிந்தவர்களுக்கு, வகுப்பில் உட்கார்ந்திருந்த என்னைவிடக் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்த என்னைத்தான் ஞாபகம் இருக்கும்.

இப்போதும் கல்லூரிப் பக்கம் வந்தால் போட்டோகிராபி கிளப் தம்பி தங்கைகள் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். எந்த லென்ஸ் வாங்கலாம் அண்ணா என்பது ஒன்று. எதைப் படம் எடுப்பது, எல்லாவற்றையும்தான் எல்லோரும் எடுத்துவிட்டார்களே என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கேன்டீன் டீ ஆறும் வரை பேசினாலும் பதில் வராது. இரண்டுக்கும் சேர்த்து நான் காட்டக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. கேமராவைத் தொட்டபோது அவருக்கு வயது 48. பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். (கேமராவுக்காக வைத்துக்கொண்ட பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். கணவர் வழியில் வந்த குடும்பப் பெயர்.)

கல்கத்தாவில் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். அம்மா பிரெஞ்சு வம்சாவளி. வீட்டில் பெண்கள் மட்டும் ஏழு பேர். மற்ற சகோதரிகள் அழகுக்குப் பெயர் போனவர்கள். ஜூலியாவை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் புத்திசாலித்தனத்துக்கும் பிடிவாதத்துக்கும் அவர்தான் முன்னால் நின்றார். படிப்பு பெரும்பாலும் பிரான்ஸில், பாட்டி வீட்டில் நடந்தது.

1836-ல் உடம்பு சரியில்லாமல், காற்று மாற்றத்துக்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அந்தப் பயணத்தில் இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் சர் ஜான் ஹெர்ஷெல். தென்வானத்து நட்சத்திரங்களைப் பதிவு செய்வதற்காக அங்கே தொலைநோக்கி வைத்துத் தங்கியிருந்த வானியல் மேதை. நம் தலைமுறைக்கு முன்னால் டார்க் ரூமில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும் ஹைப்போ, அந்த உப்புக் கரைசல் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819-லேயே கண்டவர் அவர்தான். போட்டோகிராபி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெருமையும், நெகடிவ், பாசிடிவ் என்று நாம் சொல்கிறோமே அந்தச் சொற்களின் பெருமையும் அவருக்குத்தான்.

இரண்டாமவர் சார்லஸ் ஹே கேமரன். சட்ட நிபுணர், ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். 1838-ல் கல்கத்தாவில் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. இவரை நமக்கு நேரடியாகத் தெரியாவிட்டாலும் இவர் வேலை தெரியும். மெக்காலே தலைமையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்த குழுவில் இவர் ஒருவர். 2024 ஜூலை வரை நம் நாட்டில் நடைமுறையில் இருந்த அதே ஐ.பி.சி. அதற்கு முன்பே, 1830-களின் தொடக்கத்தில், இலங்கை நிர்வாகத்தைச் சீர்திருத்த வந்த கோல்புரூக்-கேமரன் குழுவிலும் இருந்தார். அந்தத் தீவின் மேல் அவருக்கு ஒரு மயக்கம். மலைநாட்டில் நிலங்களை வாங்கிக் காபித் தோட்டம் போட்டார். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

ஹெர்ஷெல் நட்பு விட்டுப்போகவில்லை. 1842-ல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த போட்டோக்களில் சில மாதிரிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். அந்த ஊரில் அதையெல்லாம் முதலில் பார்த்த சிலரில் இந்த அம்மையாரும் ஒருவராக இருந்திருக்க வேண்டும். பார்த்ததோடு சரி. அடுத்த இருபது வருஷம் குடும்பம், ஆறு பிள்ளைகள், எடுத்து வளர்த்த பிள்ளைகள், விருந்து உபசாரம் என்று போய்விட்டது. 1848-ல் குடும்பம் இங்கிலாந்து போனது. 1860-ல் வைட் தீவில் ஃபிரஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் இரண்டு வீடுகளை வாங்கிச் சேர்த்து ஒன்றாக்கி, இலங்கைத் தோட்டத்தின் பெயரான டிம்போலா என்பதையே வீட்டுக்கும் வைத்தார்கள். பக்கத்து வீடு என்று சொல்லும் தூரத்தில் கவிஞர் டென்னிசன்.

1863 கிறிஸ்துமஸ் சமயம். கணவர் தோட்டத்தைப் பார்க்க இலங்கை போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில். ஒரே மகளும் மருமகனும், அம்மா தனியாக இருக்கிறாளே, பொழுது போகட்டும் என்று ஒரு கேமராவை வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள். மரப்பெட்டி, அதற்கு ஒரு பிரெஞ்சு லென்ஸ். செய்தவர் பெயர் ஜாமின். (கோர்ட் ஞாபகம் வர வேண்டாம்.)

பொழுதுபோக்கு என்று நாம் சொல்கிறோம். அன்றைக்கு அது என்ன வேலை என்று தெரிந்தால் தலை சுற்றும். ஈரக் கொலோடியன் முறை. ஒரு கண்ணாடித் தகட்டை மாசு மறுவில்லாமல் துடைக்க வேண்டும். அதன்மேல் ஈதர் வாடை அடிக்கும் கொலோடியன் பசையை ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்து நான்கு மூலைக்கும் ஓடவிட வேண்டும். தோசைக்கல்லில் மாவு பரப்பத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் புரியும், ஆனால் இங்கே கரண்டி கிடையாது. பிறகு இருட்டறையில் சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட அதை ஒரு பெட்டியில் வைத்து கேமராவுக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஈரம் காய்வதற்குள், சுமார் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள், படமும் எடுத்து டெவலப்பும் செய்துவிட வேண்டும். காய்ந்தால் எல்லாம் போச்சு. பிறகு கழுவி, காயவைத்து, வார்னிஷ் பூசி, அதை வெயிலில் தாளோடு சேர்த்து வைத்துப் பிரின்ட் போட வேண்டும். சில்வர் நைட்ரேட் பட்ட இடமெல்லாம் கறுப்பு. கை, துணி, மேஜைவிரிப்பு எதுவும் தப்பவில்லை.

வீட்டில் நிலக்கரி போட்டுவைக்கும் அறை டார்க் ரூம் ஆயிற்று. கண்ணாடி போட்ட கோழிக் கொட்டகை ஸ்டூடியோ. கோழிகளை அறுக்காமல் வெளியே விட்டுவிட்டதாக அவரே பிற்பாடு எழுதிய குறிப்பில் இருக்கிறது. வீட்டாருக்குத் தினமும் கிடைத்துவந்த புது முட்டை அத்தோடு நின்றுபோனது.

1864 ஜனவரி மாதக் கடைசியில் ஆனி என்ற சிறுமியை உட்காரவைத்து எடுத்த படத்தைத்தான் தன் முதல் வெற்றி என்று அவர் குறித்துவைத்திருக்கிறார். அந்தப் படத்தை இன்றும் பார்க்கலாம். கோட்டுப் பொத்தான் போட்ட ஒரு குழந்தை, முகம் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு பக்கம் வெளிச்சம். ஸ்டூடியோ தூணும் கிடையாது, திரைச்சீலையும் கிடையாது. அந்தக் காலத்துக் குடும்பப் போட்டோக்களில் சாமான்கள்தான் அதிகம் இருக்கும், மனிதர் அதற்கு நடுவில் பொம்மை மாதிரி நிற்பார். இந்த அம்மா முதல் மாதத்திலேயே சாமான்களை வெளியே தள்ளிவிட்டார்.

இனி லென்ஸ் சமாசாரம். நம் மலரில் இதை எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

அந்த ஜாமின் லென்ஸ், ஜோசப் பெட்ஸ்வால் 1840-ல் கணக்குப் போட்டுக் கொடுத்த வடிவத்தில் வந்தது. நடுவில் தெளிவு, ஓரத்துக்குப் போகப் போகக் கலங்கல். நிறப்பிழையும் உண்டு, அதாவது எல்லா நிறத்துக் கதிர்களும் ஒரே புள்ளியில் குவியாது. கொலோடியனுக்கு நீலமும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவும்தான் தெரியும். நம் கண்ணுக்கோ மஞ்சளும் பச்சையும் பளிச். ஆகவே கண்ணால் பார்த்து ஃபோகஸ் வைத்த இடம் ஒன்று, தகட்டில் கூர்மையாக விழும் இடம் வேறொன்று. விவரம் தெரிந்த போட்டோகிராபர்கள் இதைக் கணக்குப் பண்ணி, ஃபோகஸ் வைத்தபின் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார்கள்.

அம்மையார் செய்தது வேறு. திருகைத் திருகிக்கொண்டே வருவார், கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். மற்றவர்கள் வற்புறுத்திப் போகும் அந்தக் கடைசிக் கூர்மை வரைக்கும் அவர் போகவில்லை. முதலில் அது தற்செயல் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். தற்செயலாக வந்ததைப் பார்த்து, இதுதான் எனக்கு வேண்டும் என்று அடையாளம் தெரிந்துகொண்டது தற்செயல் இல்லை. சர்வே பிராக்டிகலில் தியோடலைட் திருகியவர்களுக்கு இந்த விஷயம் ஜீரணமாகாது. எனக்கும் முதலில் ஆகவில்லை.

லண்டன் போட்டோகிராபிக் சங்கத்தாருக்கும் ஆகவில்லை. 1864-லேயே அவர் சங்கத்தில் சேர்ந்து படங்களைக் காட்சிக்கும் அனுப்பினார். ஃபோகஸ் இல்லை, தகட்டில் புள்ளிகள், கீறல், கைரேகை, ரசாயனம் ஓடிய கோடுகள் என்று அவர்களுடைய பத்திரிகை கிழித்துப் போட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும், புள்ளியும் கைரேகையும் நிஜந்தான். அந்தப் படங்களில் இன்றைக்கும் அவை தெரிகின்றன. ஆனால் பெர்லின் கண்காட்சியில் 1865-ல் வெண்கலப் பதக்கமும் அடுத்த வருஷம் தங்கப் பதக்கமும் வந்தன. தென் கென்சிங்டன் மியூசியத்தின் ஹென்றி கோல் 1865-ல் படங்களை வாங்கினார், 1868-ல் மியூசியத்திலேயே இரண்டு அறைகளை ஸ்டூடியோவாகக் கொடுத்தார். இன்றைய விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியம் அதுதான்.

நான் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருப்பவன். புரொஃபைல் புரொஜெக்டரில் ஒரு கியர் பல்லின் நிழலைத் திரையில் போட்டால் ஓரம் கூர்மையாக இருந்தாக வேண்டும். கலங்கினால் அளவு எடுக்க முடியாது, பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கூர்மை எதற்கு? அளவெடுப்பதற்கு. எவ்வளவு விலகலாம் என்ற டாலரன்ஸை டிராயிங்கில் எழுதுவது அந்தப் பாகம் என்ன வேலை செய்யப் போகிறது என்று தெரிந்தவர். ஒரு முகத்தின் படத்துக்கு டாலரன்ஸ் எழுதுவது யார்? லென்ஸ் செய்தவரா, சங்கமா, எடுப்பவரா? 1864 கடைசியில் ஹெர்ஷெலுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அம்மையார் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார். எது சரியான ஃபோகஸ் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பது அவர் கேள்வி. ஒளியியலில் கரை கண்ட ஒருவரிடம் போய் இதைக் கேட்கத் துணிச்சல் வேண்டும்.

இது வெறும் சமாளிப்பு, நல்ல லென்ஸ் இல்லாததால் சொன்ன நொண்டிச்சாக்கு என்று சிலர் நினைக்கலாம். 1866-ல் அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அந்த வருஷம்தான் லண்டனில் டால்மேயர் என்பவர் ரேபிட் ரெக்டிலினியர் என்ற புது லென்ஸை வெளியிட்டார். அச்சாக ஒரே மாதிரியான இரண்டு லென்ஸ் தொகுதிகளை நடுவில் அபெர்ச்சர் வைத்து எதிரெதிராகப் பொருத்திய அமைப்பு. நேர்கோடு நேர்கோடாகவே விழும், பழைய பிழைகள் பெருமளவு குறையும். அடுத்த ஐம்பது வருஷத்துக்கு உலகத்தின் பாதி கேமராக்களில் இதன் வாரிசுகள்தான் இருந்தன என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும், ரொம்ப மிகையாக இருக்காது. அதில் 30 அங்குல குவியதூரம் உள்ளதை அம்மையார் வாங்கினார். கூடவே 15-க்கு 12 அங்குலத் தகடு போடும் பெரிய கேமரா.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழக்க தோஷம், மன்னிக்கவும். 30 அங்குலம் என்றால் 762 எம்.எம். கேட்டதும் பறவை எடுக்கும் டெலி லென்ஸ் என்று தோன்றும். ஆனால் தகடு பெரிது, மூலைக்கு மூலை 488 எம்.எம். இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் மூலைவிட்டம் 43 எம்.எம். விகிதம் போட்டால் இது நம் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் சுமார் 68 எம்.எம். லென்ஸுக்குச் சமம். தம்பிகள் வைத்திருக்கும் ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராவில், பெட்டியோடு வந்த 18-55 லென்ஸை 45-ல் நிறுத்தினால் அதே பார்வைக் கோணம்தான். ஆக, கோணத்தில் ரகசியம் இல்லை.

ரகசியம் ஆழத்தில். அந்த லென்ஸின் அபெர்ச்சர் எஃப் 8. கேட்க மந்தமான எண்தான். ஆனால் 762-ஐ 8-ஆல் வகுத்தால் துவாரத்தின் விட்டம் 95 எம்.எம்., ஒரு சின்னத் தட்டு அளவு. அதே விகிதத்தில் இன்றைய ஃபுல் ஃப்ரேமுக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய எஃப் 0.7. அப்படி ஒரு லென்ஸ் இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்காது. அதோடு அவர் தகட்டில் விழவைத்த தலைகள் நிஜ அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுபவை. அவ்வளவு அருகில் போனால் கூர்மையாக நிற்கும் ஆழம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். கண் இமையில் வைத்தால் காது போய்விடும், மூக்கு நுனியில் வைத்தால் கண் போய்விடும். கொலோடியனின் வேகமோ நம் ஐ.எஸ்.ஓ. கணக்கில் ஒன்றை ஒட்டித்தான். ஆகவே ஒரு எக்ஸ்போஷர் மூன்று நிமிஷத்திலிருந்து ஏழு நிமிஷம் வரை ஓடும். அத்தனை நேரமும் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பார். மூச்சும் தகட்டில் பதியும்.

சிறிய தகடும், தூரத்தில் கேமராவும், சிறிய துவாரமும் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவேதனை ஒன்றுமே இல்லை. கடையில் அப்படிப்பட்ட லென்ஸ்கள் இருந்தன, விலையும் குறைவு. முதல் லென்ஸைவிடத் துல்லியமான லென்ஸை வாங்கினார், ஆனால் அதைத் துல்லியம் தப்பிப்போகும் எல்லையில் நிறுத்திவைத்து வேலை வாங்கினார். காரணம், அவருக்கு முகம் பெரிதாக வேண்டும். என்லார்ஜ் செய்யும் வசதி நடைமுறையில் இல்லாத காலம், தகடு எவ்வளவோ பிரின்டும் அவ்வளவே. என்ன வேண்டும் என்று 1864, 65-லேயே முடிவாகிவிட்டது. 1866-ல் அதற்குத் தக்க லென்ஸ் வந்தது. தம்பிகளே, முக்கியமாக இரண்டே லென்ஸ்களில் ஒரு ஆயுள் வேலை முடிந்திருக்கிறது.

அந்தப் பெரிய லென்ஸில் விழுந்த முகங்களைப் பாருங்கள். 1867-ல் வரலாற்றாசிரியர் கார்லைல், பாறையில் செதுக்கி முடிக்காமல் விட்ட மாதிரி. அதே வருஷம் ஹெர்ஷெல். அவருடைய வீட்டுக்கே கேமராவைக் கொண்டுபோய், வெள்ளை முடியைக் கழுவிப் பஞ்சாகச் சிலுப்பிவிடச் சொல்லி எடுத்தது. 31 வருஷ நட்பு, வானத்தைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்த கண்கள். விஞ்ஞானி ஒருவரின் படங்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று தெரியாது. 1868 கோடையில் டார்வின் குடும்பம் ஃபிரஷ்வாட்டரில் இவர்களுடைய வீட்டையே வாடகைக்கு எடுத்துத் தங்கியது. விடுவாரா? டார்வினும் உட்கார்ந்தார். நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் டார்வின் என்றதும் வரும் முகங்களில் அந்தப் படமும் ஒன்று.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எதைப் படம் எடுப்பது. பெரிய மனிதர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால் யாரும் எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அவருடைய படங்கள் 1,200-க்கு மேல் இன்று பட்டியலில் இருக்கின்றன, பிரபலங்கள் அதில் ஒரு பங்குதான். மற்றவர்கள் யார்? வீட்டு வேலைக்காரப் பெண்கள், சகோதரி மக்கள், தெருவில் போகும் குழந்தைகள், கடற்கரைக்கு வந்தவர்கள். ஜன்னலிலிருந்து பார்த்துப் பிடித்த முகமாக இருந்தால் ஆளை அனுப்பிக் கூட்டிவரச் சொல்வார். டென்னிசன் தன் வீட்டு விருந்தாளிகளை இவரிடம் ஒப்படைத்துவிட்டு மெல்ல நழுவிவிடுவாராம்.

வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர்தான் எண்ணற்ற படங்களில் மாதா. காலையில் வீட்டைக் கூட்டியவர் மதியம் குழந்தையை மடியில் வைத்து மேரி மாதாவாக அமர்ந்தார். தங்கை மகள் ஜூலியா ஜாக்சன் மட்டும் வேஷம் எதுவும் இல்லாமல் தானாகவே நிற்கிறார். (எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் அம்மா அவர். 1926-ல் உல்ஃப் தன் பதிப்பகத்தில் இந்தப் படங்களைப் புத்தகமாகப் போட்டதால்தான் மறந்துபோயிருந்த பெயர் மறுபடி வெளியே வந்தது.)

மேரி ரையன் கதையை நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். லண்டன் அருகே அம்மாவோடு பிச்சையெடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ் சிறுமி. அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, படிக்கவைத்து, வீட்டு வேலையும் கொடுத்து, படங்களிலும் நிற்கவைத்தார். லண்டனில் நடந்த கண்காட்சியில் அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்த ஒரு இளைஞர் மனதைப் பறிகொடுத்தார். 1867-ல் அவர்களுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹென்றி காட்டன், ஐ.சி.எஸ். பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம கும்பகோணத்தில், 1845-ல். அஸ்ஸாம் சீஃப் கமிஷனராக இருந்து, ஓய்வுபெற்றபின் 1904-ல் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த அதே ஹென்றி காட்டன்தான்.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. படங்களைச் சுமார் 500 வரை முறையாகக் காப்புரிமைக்குப் பதிவு செய்தார், பெரிய கடையில் விற்பனைக்கு வைத்தார், பிரபலங்களிடம் படத்திலேயே கையெழுத்து வாங்கினார். எல்லாம் செலவை ஈடுகட்ட வேண்டும் என்றுதான். காபி வருமானம் ஒரு வருஷம் வந்தால் இரண்டு வருஷம் வராது. 1869-ல் இன்னொரு அடி. வார்னிஷ் பூசிய நெகடிவ்களில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விழுந்து, அருமையானவை 45 பாழாயின. எந்தச் சங்கம் இவரைக் குறை சொன்னதோ அதே சங்கத்துக்குப் போய், இது ஏன், என்ன மருந்து என்று கேட்டார். கடல் காற்றின் ஈரம், சரியாகக் கழுவாதது என்றெல்லாம் பதில் வந்தது.

1874-ல் டென்னிசன் தன் ஆர்தர் மன்னர் கதைக் கவிதைகளுக்குப் படம் எடுத்துத் தரச் சொன்னார். ஊர்க்காரர்களையும் உறவினர்களையும் ராஜா ராணியாக்கி, நூற்றுக்கு மேற்பட்ட தகடுகள் எடுத்தார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த கணவர்தான் மந்திரவாதி மெர்லின். பாவம், நடுவில் சிரிப்பு வந்து அசைந்துவிடுவாராம். இந்தப் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, பள்ளி ஆண்டு விழா நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் அதற்கப்புறம் நடந்தது பிடிக்கும். புத்தகத்தில் படங்களைச் சிறிய மரச்செதுக்கு அச்சாகச் சுருக்கிப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்ததும் தன் செலவிலேயே, நிஜ போட்டோக்களை ஒட்டிய பெரிய ஆல்பமாகத் தானே வெளியிட்டார். லாபம் இல்லை என்று தெரிந்தேதான்.

அதற்குள் இலங்கைக் காபியில் இலைத்துரு நோய் பிடித்துவிட்டது. 1869-ல் முதலில் கண்டது, சில வருஷங்களில் தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. 1875 அக்டோபரில் கணவரும் மனைவியும் இங்கிலாந்தை விட்டுப் பிள்ளைகள் இருக்கும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். சாமான்களோடு இரண்டு சவப்பெட்டிகளும் கப்பலில் வந்தன. அங்கே நல்லதாகக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று முன்யோசனை. இடத்தை வீணாக்காமல் அவற்றுக்குள் பீங்கான், கண்ணாடிச் சாமான்களைக் கட்டி எடுத்துவந்தார்கள்.

களுத்துறையில் கடலோர வீடு. கொலோடியனுக்கு நம் பக்கத்து வெயில் ஆகாது, ஈதர் பறந்துவிடும். நல்ல தண்ணீரும் ரசாயனமும் கிடைப்பது கஷ்டம், பிரின்டை வாங்கும் ஆட்களும் இல்லை. பதினொரு வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் எடுத்தவரிடமிருந்து இலங்கையில் நமக்குக் கிடைத்திருப்பவை முப்பதுக்கும் குறைவு. அதில் ஒன்றில் தாவரங்களை வரைந்துகொண்டே உலகம் சுற்றிய ஓவியர் மேரியன் நார்த். மீதியில் பெரும்பாலும் அந்த மண்ணில் வேலை செய்தவர்கள். களுத்துறைக் கிராமத்தார், தோட்டத் தொழிலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள். அவர்களில் பலர் தமிழர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கங்காணி கூட்டிவர, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து மன்னார் வழியாக மலையேறிய நம் ஜனங்கள்.

அந்தப் படங்களில் ஒரு இளம்பெண்ணின் படம் என்னை விடுவதில்லை. கேமராவை நேராகப் பார்க்கிறாள். கூச்சம் தெரிகிறது, பயம் தெரியவில்லை. கார்லைலுக்கு என்ன வெளிச்சமோ, என்ன கலங்கலோ அதுவேதான் அவளுக்கும். துரைமார் காலத்தில் தோட்டக்காரர்களைக் கணக்குக்காகவும் காட்சிப் பொருளாகவும் எடுத்த படங்களோடு வைத்துப் பார்த்தால் இது தனி ரகம். ஆனால் ஒரு விஷயத்தில் இந்த அம்மையாரும் துரைசாணிதான். ஃபிரஷ்வாட்டரில் கூட்டிப் பெருக்கிய பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்று நமக்குத் தெரியும், பிச்சையெடுத்த சிறுமி மேரி ரையன் என்று தெரியும். இவள் பெயரை அவர் எழுதிவைக்கவில்லை. மியூசியப் பட்டியலில் இளம்பெண், சிலோன் என்று இருக்கிறது, அவ்வளவுதான். நம் கல்லூரியில் என்னோடு படித்தவர்களிலேயே சிலருடைய குடும்பங்கள் 1964 ஒப்பந்தத்துக்குப் பின் மலையகத்திலிருந்து நீலகிரிக்குத் திரும்பி வந்தவை. அவர்களில் யாருடைய பாட்டிக்குப் பாட்டியோ இவள், யார் கண்டது. போட்டோ கிளப் தம்பி தங்கைகள் மெஸ் அண்ணன்களையும் தோட்டக்கார அம்மாவையும் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள், ரொம்பச் சந்தோஷம். ஊரையும் பெயரையும் அப்படியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மையார் 1879 ஜனவரி 26-ஆம் தேதி, டிக்கோயா பள்ளத்தாக்கில் மகனுடைய கிளென்கேர்ன் தோட்டத்து பங்களாவில் காலமானார். அடுத்த வருஷம் கணவரும் போய்ச் சேர்ந்தார். இருவருக்கும் பொகவந்தலாவையில் செயின்ட் மேரி தேவாலயத்து வளாகத்தில் கல்லறை. காபி போய், சுற்றிலும் தேயிலை. இலங்கை போகிறவர்கள் யாராவது பார்க்க நினைத்தால், கொழும்பிலிருந்து ஹட்டன் வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக பஸ்.